அறுபத்தேழு கிலோ வெல்லம்

இந்த நினைவு மலரோடு ஒரு சின்னப் பொட்டலமும் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதற்குள் ஒரு வெல்லக்கட்டி இருக்கிறது. தயவுசெய்து இப்போதே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். முழுவதும் படித்து முடித்த பிறகு பிரியுங்கள். மறைந்தவரின் ஒரே தங்கை நான். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளை அதட்டி அதட்டியே பழகிப்போன வாய், சொந்தபந்தங்களையும் கொஞ்சம் அதட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து யாராவது உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. திதியன்றே தந்திருக்க வேண்டிய மலர் இது, தாமதமாகத்தான் தருகிறோம். அச்சகத்துக்காரரைத் திட்டாதீர்கள், அவர் பாவம். தாமதத்துக்குக் காரணம் எங்கள் அம்மா. அது ஏன் என்பதையும் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட மலர்களில் சொந்த ஊரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அண்ணனுக்குச் சொந்த ஊர் தாராவி. அப்பாதான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர்கள். அண்ணன் பிறந்தது, வளர்ந்தது, குத்துச்சண்டையில் குத்தியது, குத்து வாங்கியது எல்லாம் இங்கேதான். பிறக்கும்போதே நாலு கிலோ. "ஆஸ்பத்திரியில தராசே ஆடிப் போச்சு" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் கழுத்து தானாக ஒரு நிமிர்வு நிமிரும்.

எங்கள் சந்தில் பிள்ளையின் எடை என்பது தாயின் மானம். ஒரு பையன் கொஞ்சம் இளைத்துவிட்டால் போதும், குழாயடியில் கேள்வி வந்து நிற்கும். "என்னக்கா, பய இப்படி வத்திப் போயிட்டான்? வீட்ல அடுப்பு பத்த வைக்கதில்லையா?" இந்தக் கேள்விக்குப் பயந்தே அம்மா எங்களுக்கு ஊட்டி ஊட்டித் தள்ளினார்கள். அண்ணன் போதும் என்று கையை மறித்தால், மறித்த கையின் மேலேயே இட்லி விழும்.

சந்து முனையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு குத்துச்சண்டைக் கிளப் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு மராத்திக்காரர், எல்லோரும் சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் முடிந்து, பிறகு துணிப் பட்டறையில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போன காலத்திலும் அண்ணன் அந்தக் கொட்டகையை விட்டதில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. "ஊரான் வீட்டுப் பிள்ளைய அடிக்கதுக்கும் அவன்ட்ட அடி வாங்குததுக்கும் ஒரு பள்ளிக்கூடமா?" என்பார்கள்.

ஆனால் அப்பாவின் இடுப்பு விட்டுப்போன வருஷம் நிலைமை மாறியது. பட்டறையில் குனிந்து குனிந்து தோல் வெட்டிய உடம்பு, ஒரு நாள் நிமிர மாட்டேன் என்று சொல்லிவிட்டது. இருந்தும் அப்பா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வேறு வழியில்லை. அப்போதுதான் சர் ஒரு செய்தி சொன்னார். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் விளையாட்டுக் கோட்டாவில் சர்க்கார் வேலை கிடைக்கும். அண்ணன் தங்கம் வாங்கினால் அப்பா வீட்டில் உட்காரலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டின் ஒரே கனவு அதுதான்.

குத்துச்சண்டை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேடையில் யாரும் யாரோடும் மோதிவிட முடியாது. எடையைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். அப்போதெல்லாம் அறுபது கிலோ வரை ஒரு பிரிவு, அறுபத்து மூன்றரை வரை ஒன்று, அறுபத்தேழு வரை ஒன்று என்று மேலே போகும். ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் காலையில் தராசில் ஏறிக் காட்ட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் வெளியே. அதனால் பலருக்கும் ஒரே நப்பாசைதான். உடம்பை வற்ற வைத்துக் கீழ்ப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டால் நம்மைவிடச் சின்ன ஆளோடு மோதலாம் அல்லவா?

அண்ணன் சாதாரணமாகவே அறுபத்தாறு கிலோ இருப்பார். நடுப் பிரிவில் எங்கள் கிளப் சார்பில் போக ஏற்கெனவே ஒரு மூத்த ஆள் இருந்தார். மேல் பிரிவில் இருந்தவர்கள் எல்லாம் காட்டெருமைகள். "நீ உயரம், கை நீளம். அறுபதுக்கு இறங்கு, உன்னை ஒருத்தனும் தொட முடியாது" என்றார் சர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் கண் முன்னால் ஆறு கிலோ இளைப்பது எப்படி? அண்ணன் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்த முதல் நாளே அம்மா பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்லே, சோத்த வச்சிட்டு எந்திரிக்க?"

"பசிக்கலம்மா."

"பசிக்காம என்ன? எவளயாவது பாத்துட்டியா?"

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வெளியே நழுவினார். மறுநாள் செம்பூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, கழுத்தில் ருத்திராட்ச மாலையோடும் இடுப்பில் பச்சை வேட்டியோடும் வந்து நின்றார். விரதம்! ஒரு வேளைச் சாப்பாடு, கறி மீன் கிடையாது. அடேயப்பா, அம்மா முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே. தராசுக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்றால் உலக்கையைத் தூக்கியிருப்பார்கள். சாமிக்காக என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இப்படி ஒரு தந்திரம் எங்கள் சந்துப் பிள்ளைக்குத்தான் தோன்றும்.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். "ஏட்டி, அம்மாட்ட மூச்சு விட்ட, கொன்னுருவேன்" என்றார் அண்ணன்.

"மாலை போட்டிருக்கும்போது கொல்லுவேன்னு எல்லாம் சொல்லக் கூடாது, சாமி" என்றேன் நான். மாலை போட்டவரை சாமி என்றுதானே கூப்பிட வேண்டும்? அந்த நாட்களில் அண்ணனை நான் ஆசை தீரச் சாமி என்று கூப்பிட்டேன். அவரால் திருப்பி ஒரு கொட்டுக்கூட வைக்க முடியவில்லை.

சாமி என்ன செய்தது தெரியுமா? மே மாத வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடியது. வேர்வையாக எடை இறங்க வேண்டுமாம். சந்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி, "பாரிஷ் கிதர் ஹை, மழை எங்கே மழை எங்கே" என்று கத்துவார்கள். ஓடி முடித்ததும் பங்கார் கடைக்குப் போவார். பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார். கடைக்காரப் பாய் நம்ம பக்கத்து மனிதர், தமிழில்தான் பேசுவார். "சாமி, ஒங்கள எந்தக் கணக்குல எடுத்துக்கட்டும்? இரும்பா, ஓட்டைப் பிளாஸ்டிக்கா?" என்பார்.

போட்டி நெருங்க நெருங்க அண்ணன் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே இருப்பார். உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது. அம்மாவோ குழாயடியில், "எம்பிள்ளை தண்ணி கூடப் படாம விரதம் இருக்கான்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வந்து அண்ணனிடம் திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். திருநீறு பூசும் கை நடுங்கியதைப் பார்த்து, அருள் வந்திருக்கிறது என்று வேறு சொன்னார்கள்!

குர்லாப் பக்கம் ஒரு அரங்கத்தில் போட்டி. காலையில் தராசு அறுபதைக் காட்டியது. சர் கைதட்டினார். நானும் அம்மாவும் மேலே பலகையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா குத்துச்சண்டை பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் மேடை ஏறியதும் நடுவர் அவர் கழுத்தைப் பார்த்து, "யே க்யா ஹை? உதாரோ, கழற்று" என்றார். மேடையில் செயின், மாலை எதுவும் கூடாது என்பது சட்டம். கழுத்தில் செயின் மின்ன மேடை ஏறும் யோகம் எங்கள் சந்தில் அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை என்பதால், அண்ணனுக்கு அந்தச் சட்டம் நினைவுக்கே வரவில்லை. இப்போது என்ன செய்ய? திருதிருவென்று விழித்துவிட்டு, விரதம் முடியாமலேயே மாலையைக் கழற்றி சர் கையில் கொடுத்தார்.

"ஏலே! மாலையக் கழத்தாதலே!" அம்மா போட்ட சத்தத்தில் அரங்கமே திரும்பிப் பார்த்தது.

முதல் ரவுண்டில் அண்ணன் மின்னலாகத்தான் ஆடினார். இரண்டாவதில் கை கீழே இறங்கிவிட்டது. மூன்றாவதில் எதிராளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார், அடிக்க அல்ல, விழாமல் இருக்க. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அப்பாவின் முகம் என் கண்ணுக்குள் வந்து போனது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கீழே ஓடினோம். பெஞ்சில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சர் அம்மாவிடம் ஆறுதலாக இந்தியில், "வருத்தப்படாதீர்கள். ஆறு கிலோ குறைக்க இந்தப் பையன் எவ்வளவு பட்டினி கிடந்தான் தெரியுமா? என்ன கட்டுப்பாடு!" என்றார். பாவம், அவர் நல்லது நினைத்துத்தான் சொன்னார். அம்மா மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப சாமிக்கு இல்லையாலே விரதம்? தராசுக்கா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வாங்கிய குத்துகளிலேயே பெரிய குத்து அதுதான் என்று பிற்பாடு மதினியிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா அவரைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் எங்கள் இருவரையும் செம்பூருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சன்னதியில் நின்று, பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், "முருகா, எம்பிள்ளை கள்ள விரதம் இருந்துட்டான், மன்னிச்சுக்கோ. அவன் நேர்மையா ஜெயிச்சு வந்தா, அவன் எடைக்கு எடை துலாபாரம் போட்டு ஒனக்கு வெல்லம் வைக்கேன்" என்றார்கள். அப்புறம் அண்ணனைப் பார்த்து விரலை நீட்டினார்கள். "இனிமே நீ மெலிஞ்சேன்னா, அது சாமி வெல்லத்துல கை வச்சதுக்குச் சமானம். ஞாபகம் வச்சுக்கோ."

அன்று திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அண்ணன் என்னிடம் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது. "ஏட்டி, அவன் அடிச்சு நான் விழல. மொத ரவுண்டுல அவன விட நான்தான் வேகம். ரெண்டாவதுல கை நான் சொன்னதக் கேக்கல. மூணாவதுல காலு எங்க இருக்குன்னே தெரியல. தண்ணி இல்லாத ஒடம்பு, எண்ணெ இல்லாத மிஷினு மாதிரி. இனிமே அறுபத்தேழுலதான் ஆடப் போறேன்."

சர் தலையில் அடித்துக்கொண்டார். அங்கே வருகிறவர்கள் எழுபத்திரண்டு, எழுபத்து மூன்றிலிருந்து வற்றி இறங்கி வருகிற ஆட்கள், அவர்களுக்கு முன்னால் நீ கோழிக்குஞ்சு என்றார். அண்ணன் பிடித்த பிடியை விடவில்லை.

அடுத்த போட்டி வரைக்கும் அவர் உழைத்த உழைப்பை எழுத எனக்குத் தெம்பில்லை. ரயில்வே பாலத்துப் படிகளில் ஏறி இறங்கி ஓடுவார், மழைக்கோட்டு இல்லாமல். கயிறு தாண்டுவார். துணிப் பட்டறையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளை ஒரு கேன்வாஸ் பைக்குள் அடைத்து அடைத்து, பங்கார் கடைத் தராசில் அது சரியாக அறுபத்தேழு கிலோ காட்டும் வரை திணித்தார். அந்தப் பையைக் கொட்டகையில் தொங்கவிட்டு ஒவ்வொரு நாளும் குத்தினார். "என் எடைய என்னாலயே நகத்த முடியலன்னா, அடுத்தவன எப்படி நகத்த?" என்பார். மூன்று ரவுண்டு குத்தி முடித்து மூச்சு எவ்வளவு சீக்கிரம் தணிகிறது என்று நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பார். அதுதான் அவருக்கு அளவு. எடை கூடுவதும் குறைவதும் பெரிதில்லை, கடைசி ரவுண்டில் மூச்சு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் பெரிது என்று ஆகிவிட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவுக்கு அது பொற்காலம். முட்டை, கேப்பைக் கூழ், நெத்திலிக் கருவாடு, மத்தியானம் குவித்து வைத்த சோறு. ஒரே ஒரு சிக்கல், அறுபத்தேழைத் தாண்டவும் கூடாது! அதை அம்மாவுக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "வெல்லம் கூட ரெண்டு கிலோ வச்சா சாமி வேண்டாம்னா சொல்லப் போறாரு?" என்று கேட்பார்கள். கடைசியில் அண்ணன்தான், "எம்மா, கூடுனா வெளிய தள்ளிருவான். அப்புறம் துலாபாரமே கிடையாது" என்று மிரட்டி வழிக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த போட்டி. அண்ணன் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டார். இறுதியில் எதிரே ஒரு நாக்பூர்க்காரர். தோள் இரண்டும் கதவு அகலம். காலையில் தராசில் ஏறி இறங்கிய அண்ணன், அடுத்துச் சாப்பிடப் போகும் இட்லியை நினைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றாராம். நாக்பூர்க்காரர் ஏறி நின்றபோது அவர் உதட்டைப் பார்த்தார். வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கு யாரோ தன் முகத்துக்கு எதிரே கண்ணாடி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. சரிடம் வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "சர், இது நான்தான். போன தடவை நான்."

முதல் ரவுண்டில் நாக்பூர்க்காரர் அடித்த அடியில் நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் எதிர்த்து நிற்கவே இல்லை. பின்னால் போவார், சுற்றுவார், குனிவார், அவரை வீசவைத்து வீசவைத்து நழுவுவார். பக்கத்தில் இருந்தவர்கள் "பாக் ரஹா ஹை, ஓடுகிறான்" என்று சிரித்தார்கள். அம்மா அவர்களை ஒரு பார்வை பார்த்தார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது ரவுண்டு பாதியில் அந்தப் பெரிய தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்க ஆரம்பித்தன. வாய் பிளந்துகொண்டது. அண்ணனின் வாய் மூடியே இருந்தது.

மூன்றாவது ரவுண்டு மணி அடித்ததும் அண்ணன் சுற்றுவதை நிறுத்திவிட்டு நேராக நடந்து போனார். அந்த நடையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இடது, இடது, வலது. கொட்டகையில் துணிப்பையைக் குத்திய அதே தாளம். நாக்பூர்க்காரரின் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை, கால் இருக்கும் இடம் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அண்ணனே சொல்லியிருக்கிறாரே! ஊரான் வீட்டுப் பிள்ளையை அடிப்பதற்கு ஒரு பள்ளிக்கூடமா என்று கேட்ட எங்கள் அம்மா, பலகை மேல் ஏறி நின்று, "விடாதலே! அடிலே எம் மக்கா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் அண்ணனின் கையைத் தூக்கினார். மாநிலத் தங்கம்! எங்கள் சந்துக்குத் தாரை தப்பட்டையோடு வந்து சேர்ந்தோம். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த இடுப்போடு, நிமிர்ந்து நின்றார்கள்.

துலாபாரத்தன்று கோயிலுக்குக் கிளம்பும் முன் அம்மா அண்ணனை உட்காரவைத்து வயிறு முட்டச் சாப்பிடவைத்தார்கள். "எம்மா, போட்டி முடிஞ்சு போச்சு, போதும்" என்று அண்ணன் கெஞ்சினார். "வெறும் வயித்தோட தராசுல ஏறி சாமிய மறுபடியும் ஏமாத்தலாம்னு பாக்கியா?" என்றார்கள். கோயில் தராசின் ஒரு தட்டில் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார, எதிர்த் தட்டில் வெல்லம் ஏற ஏற, அண்ணன் மெல்ல மெல்ல மேலே எழும்பினார். தராசில் ஏறிக் குறைய வேண்டுமே என்று பயந்த மனிதர், அன்றைக்கு ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை. அப்பா பட்டறைக்கு முழுக்குப் போட்டு, கடைசி வரை வீட்டில் மரியாதையாக இருந்து போனார்கள். மதினி வந்தார்கள், ஒரு மகள் பிறந்தாள். கொட்டகைக்கு வேலை முடிந்து போவதை அண்ணன் விடவே இல்லை. அங்கே யாராவது வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓடினால் கோட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். அப்படிப் பிடுங்கிய கோட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை கிடந்தன. ஜூன் மாதம் மழை பிடித்ததும் திருப்பிக் கொடுப்பார்.

அந்த நாக்பூர்க்காரரும் பிற்பாடு வேலைக்காக மும்பைக்கே வந்து, கிங்ஸ் சர்க்கிள் ஓட்டல்களில் அண்ணனோடு உட்கார்ந்து மசால் தோசை சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை என்கிற அளவுக்கு ஆகிவிட்டார். பில் கொடுக்கும்போது மட்டும் இருவரும் மறுபடியும் குத்துச்சண்டைக்கு நிற்பார்கள்.

அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதம் முகூர்த்தம். தீபாவளியைத் தாண்டுவதே சிரமம் என்றார் டாக்டர். மருந்தின் அளவுக்காக நர்ஸ் எடை பார்த்தார். அறுபது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியாட்டி, விரதம் இல்லாமலேயே வந்துட்டேன்" என்றார். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சிரித்தேன், பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் போய் அழுதேன்.

அம்மா மறுபடியும் செம்பூருக்குப் போனார்கள். "எம்பிள்ளை தன் கால்ல நின்னு பேத்தியக் கட்டிக் கொடுத்தா, மறுபடியும் எடைக்கு எடை" என்று வேண்டிக்கொண்டார்கள். அண்ணன் அதைக் கேட்டதும் சாமியை மட்டும் நம்பிப் படுத்திருக்கவில்லை. கஞ்சியை ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு என்று கடிகாரம் பார்த்துக் குடித்தார். குமட்டினால் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தார். மருந்து ஏறும் கம்பியைத் தள்ளிக்கொண்டே வராந்தாவில் நடந்தார். "கொஞ்சம் படுங்களேன்" என்று மதினி அழுவார்கள். "மூணாவது ரவுண்டுக்கு மூச்சு வேணும்லா" என்பார்.

தீபாவளி வந்தது, போனது. பொங்கல் வந்தது. செம்பூரில் கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தோம். அண்ணன் அதைத் தொடவில்லை. தாரை வார்த்துக் கொடுக்கும் வரை நின்றார். தாலி ஏறும்வரை நின்றார். வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டு நின்றார். உங்களில் பலர் அந்தக் கையைப் பிடித்திருப்பீர்கள். அந்தப் பிடி தளரவில்லை என்று நீங்களே என்னிடம் சொன்னீர்கள். அதைவிடப் பெரிய தங்கம் அண்ணன் வாங்கியதில்லை.

மறுவாரமே துலாபாரம் போட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார்கள். அண்ணன்தான் தடுத்தார். "எம்மா, இந்த ஒடம்ப வச்சுத் தராசுல ஏற மாட்டேன். கொஞ்சம் சதை பிடிக்கட்டும். அறுபத்தேழுக்கு வந்துட்டு உக்காருதேன்." மாசி மாதத்தில் ஒரு காலையில், மதினி மடியில் தலை வைத்து, வலி இல்லாமல் போய்விட்டார்.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன். துக்கம் கழிந்து, திதி முடிந்ததும் அம்மா வேண்டுதலைக் கையில் எடுத்தார்கள். "உக்கார ஆளில்லையே அக்கா, யாருக்காக வேண்டுனியோ அவனே போயிட்டானே" என்று தாய்மாமா மெதுவாகச் சொன்னார். அம்மா விட்டார்களா? "நான் கேட்டத சாமி செஞ்சிட்டாரு. எம்பிள்ளையும் நின்னு காட்டிட்டான். நாமதான் பாக்கி" என்றார்கள். சரி, அப்படியானால் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த எடைக்கு வைத்துவிடலாம் என்றார் மாமா. வந்ததே கோபம்!

"அது எம்பிள்ளை எடை இல்ல. அது நோயோட எடை. எம்பிள்ளை அறுபத்தேழு. அவன் தோத்துப் போனான்னு எவம்லே சொன்னது? கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னாம்லா!"

அண்ணன் அறுபத்தேழு கிலோவுக்கு நிறுத்துத் திணித்த பை இருக்கிறதே, அவருக்குப் பதில் அதையே தராசில் வைப்பதென்று முடிவாயிற்று. கொட்டகைக்குப் போய் அந்தப் பழைய துணிப்பையைக் கழற்றினோம். அத்தனை வருஷம் குத்து வாங்கியும் தையல் விட்ட இடமெல்லாம் அண்ணனே தைத்துத் தைத்து வைத்திருந்தார். நாக்பூர்க்காரர் அதைத் தன் தோளில் தூக்கி டெம்போவில் ஏற்றினார். கோயிலில் குருக்கள் தயங்கினார். "தோல் ஒண்ணும் இல்ல சாமி, பூராவும் நூல் துணி, தொட்டுப் பாருங்க" என்றார்கள் அம்மா. அவர் தொட்டுப் பார்த்தார். என்ன தோன்றியதோ, தட்டின் மேல் ஒரு பூவை வைத்துவிட்டு விலகி நின்றார்.

பையைத் தட்டில் உட்காரவைத்தோம். எதிர்த் தட்டில் சரியாக அறுபத்தேழு கிலோ வெல்லம், கடையிலேயே நிறுத்து வாங்கியது. தராசு அசையவில்லை. பை கீழேயே இருந்தது. மும்பை மழைக்காலங்களின் ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பை கனத்துப் போயிருக்கிறது போலும் என்று நாங்கள் முழித்துக்கொண்டு நின்றோம். அம்மா மட்டும் கன்னத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். பையைத் தட்டிக் கொடுத்து, "சாப்ட்டுட்டுத்தான் வந்திருக்கான்" என்றார்கள். பிறகு கோயில் வாசல் கடையிலிருந்து மேலும் வெல்லம் வாங்கி, தட்டு மேலே எழும்பும் வரை தன் கையாலேயே அடுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் எங்களோடு விழித்திருந்த சந்துக்காரர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் சகோதரிக்கும், கஞ்சிக்கு அரிசி உடைத்துக் கொடுத்தவர்களுக்கும், கடையை அடைத்துவிட்டுக் கடைசி ஊர்வலத்தில் நடந்த பங்கார் கடைப் பாய்க்கும், பாடையின் முன்பக்கத்தை மாற்றுத் தோளுக்கு விடாமல் சுமந்த நாக்பூர் அண்ணனுக்கும், கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே மாதிரி ஓடி வந்த உங்கள் எல்லோருக்கும் அம்மா, மதினி, மகள், மருமகன், நான் எல்லோரும் கைகூப்பி வணங்குகிறோம். வெறும் நன்றி என்ற சொல்லைக் கொடுத்து அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. சன்னதியில் வைத்த வெல்லத்தை வாங்கி வந்து, உடைத்து, பொட்டலம் கட்டி முடிக்கத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

இப்போது பிரியுங்கள். உங்கள் கையில் இருப்பது அண்ணனின் எடையில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கும் ஒரு துண்டு உடைத்துக் கொடுங்கள். சுகர் இருக்கிறவர்கள் நாக்கில் தொட்டு வைத்தால் போதும். இன்றைக்கு எனக்கு விரதம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கதை எங்கள் அம்மாவிடம் இனி ஒருபோதும் செல்லாது.